போட்டது தெரியக்கூடாது

எனக்குப் பார்த்திருந்த பெண் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் என் அக்கா மாலதி என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு மாதமாக ஒரே வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் முகம்தான். அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாத்து சம்பாதிக்கிற பொண்ணுடா அவ. உன்னப் பாத்தா இன்னா நெனைப்பா?"

"இன்னா நெனைப்பா?"

"பொணத்துக்கு மேக்கப் போடக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு நெனைப்பா."

சொன்னதில் தவறில்லை. என் மனைவி பிரிசில்லா பதினெட்டு மாதத்துக்கு முன்பு டெங்கு காய்ச்சலில் நான்கே நாளில் போனாள். அதன் பிறகு நான் அழவில்லை. தூங்கவும் இல்லை. அழாதது வெளியே தெரியாது. தூங்காதது கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது.

இதற்கு முன் இரண்டு இடம் போய் வந்திருந்தோம். பண்ருட்டியில் கேசரி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. மங்கலம்பேட்டையில் பதில் வந்தது. "பையன் நல்ல பையன்தான். மொகத்துல களை இல்லியே."

எனக்குக் கல்யாணம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அக்காவிடம் டிக்கெட் இருந்தது. ராஜவேல் மச்சான் மஸ்கட்டில் இருக்கிறார். அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். சேர்ந்து இருந்தது, எல்லா விடுமுறையையும் கூட்டினால், பதினோரு மாதம். இப்போது அவளுக்கு விசா வந்திருந்தது, ஜூன் பன்னிரண்டாம் தேதிக்கு விமானம். என்னைத் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்று ஏற்கெனவே ஒரு விசாவைக் காலாவதியாக விட்டவள் அவள். இந்தச் சிதம்பரத்துப் பெண் அமையாவிட்டால் இதையும் விடுவாள். மச்சான் போனில் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். அது எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே நான் களையோடு இருக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மணி நேரம்.

சனிக்கிழமை மாலை அக்கா மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் ஃபவுண்டேஷன் வாங்கி வந்தாள். சின்னக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே பால்கோவா நிறம்.

"இத போட்டா போட்டதே தெரியாதாம். நேச்சுரலா இருக்குமாம்."

பாட்டிலை வாங்கி விளக்கடியில் பார்த்தேன். எனக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேலை. பரிசோதனைக் கூடம். தயாராகும் ஒவ்வொரு சாயத்தையும் வெள்ளைத் துணியில் தோய்த்து, காயவைத்து, வடக்கு ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் மூல மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. டியூப்லைட்டில் பார்க்கக்கூடாது. ஈரத்தில் பார்க்கக்கூடாது. ஏழு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அதனால் கேட்டேன். "எதுல போட்டுப் பாத்து வாங்குன?"

"என் மணிக்கட்டுலதான்."

"உன் மணிக்கட்டுலயா?"

"கடைக்காரப் பொண்ணு யாருக்குன்னு கேட்டுச்சு. தம்பிக்குன்னு எப்புடிடா சொல்லுவேன்? எனக்குத்தான்னு சொல்லிட்டேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதான, கலர் எங்க போயிடப் போவுது?"

கலர் எங்கேயோதான் போயிருந்தது. அக்கா அம்மா நிறம். கோதுமை மாவு. நான் அப்பா நிறம். அப்பாவை இருட்டில் கூப்பிட்டால் பல்லைக் காட்டச் சொல்வார்கள். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தெரிந்தவற்றில் பாதியைக்கூட நான் சொல்வதில்லை. வாய் திறக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, எதிரே போனைச் சாய்த்துவைத்தாள். போனில் ஒரு பெண் தன் முகத்துக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பட்டாணி அளவு போதும் என்றாள்.

"பட்டாணி அளவுன்னு சொல்றா," என்றேன்.

"கேட்டுச்சு."

"நீ எடுத்தது எலுமிச்சங்கா அளவு."

"அவ மூஞ்சி சின்ன மூஞ்சிடா. வாய மூடு, உள்ள போயிடும்."

சளி பிடித்த குழந்தைக்கு நெஞ்சில் மருந்து தேய்ப்பது போலத் தேய்த்தாள். நெற்றி, கன்னம், மூக்கு. கண்ணுக்குக் கீழே இரண்டு தரம். தேய்த்து முடித்து, இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள். கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்.

கறுப்பு வளையம் போயிருந்தது. என் முகமும் போயிருந்தது. வேறு யாருடைய முகமோ வந்து என் கழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

"புருவம் நரைச்சுப் போச்சு," என்றேன்.

"இரு, தொடைக்கிறேன்." துடைத்தாள். "கழுத்துதான் கொஞ்சம் தனியா தெரியுது."

கழுத்துக்கும் பூசினாள். கழுத்து சரியானதும் காது தனியாகத் தெரிந்தது. காதுக்கும் பூசினாள். சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டக் கையைத் தூக்கினேன். இரண்டு பேரும் என் கையைப் பார்த்தோம்.

"கைய மடியில வெச்சிக்கினு இருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"காபி குடுத்தா?"

யோசித்தாள். மிச்சமிருந்த பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு கைக்கும் மணிக்கட்டு வரை பூசிவிட்டாள். பாட்டில் காலி.

சாமிக்கண்ணு மாமா ஒன்பது மணிக்கு வந்தார். அம்மாவின் தம்பி. அம்மாவும் அப்பாவும் இல்லாத எங்கள் வீட்டுக்கு இப்போது பெரியவர் அவர்தான். வலது கண்ணில் புரை. ஆபரேஷனை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான்டா மாப்ள கண்ணுக்கு நெறைவா இருக்க," என்றார்.

அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

வாடகைக் கார். ஏசி வேலை செய்யவில்லை. செம்மண்டலத்தில் ஏறியபோதே வெயில் சுட்டது. ஆலப்பாக்கம் தாண்டும்போது நெற்றியில் வேர்த்தது. அக்கா பத்திரிகையை மடித்து எனக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

"தொடைக்காத. ஒத்தி எடு. மூக்கத் தொடாத. சிரிக்காத, கோடு விழும்."

"நேத்து சிரிச்ச மொகமா இருக்கணும்னு சொன்ன."

"அது நேத்து."

"அங்க போயி சிரிக்கணுமா, வேணாமா?"

"உதட்ட மட்டும் சிரி. கன்னத்த விட்டுடு."

புதுச்சத்திரம் வரை அதைப் பழகிப்பார்த்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், வாந்தி வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க, ஓரங்கட்டுறேன்," என்றார்.

பெண் வீடு சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில். கீழே பார்லர், மாடியில் வீடு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாடிக்குப் போகும் படி குறுகலாக இருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பச்சைச் சுவரில் என் விரல்கள் பதிந்தன. பால்கோவா நிறத்தில் நான்கு விரல். பின்னால் வந்த அக்கா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே ஏறினாள்.

பெண்ணின் அப்பா தட்சிணாமூர்த்தி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும் "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குது" என்று உட்காரவைத்தார். அம்மா சின்னம்மாள் ஃபேனை ஐந்தில் வைத்தார். வேகமான காற்று நேராக என் முகத்தில் அடித்தது. பூச்சு இறுகுவது தெரிந்தது. நான் உதட்டை மட்டும் சிரித்தேன்.

சுவேதா காபித் தட்டோடு வந்தாள். முப்பது வயது. ஒருமுறை கல்யாணமாகி, ஆறு மாதத்தில் முடிந்து, விவாகரத்து ஆனவள். தட்டை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள். டம்ளரை எடுத்த கையைப் பார்த்தாள். நான் குடித்துவிட்டு டம்ளரைத் திரும்ப வைத்தபோது அதன் மேல் என் ஐந்து விரலும் அச்சாக இருந்தன. அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கினாள் என்று எனக்குத் தெரிந்தது. இருமல் என்று சின்னம்மாள் நினைத்தார்.

"அப்பா, நான் இவருகிட்ட தனியா பேசணும்," என்றாள் சுவேதா. "கீழ கடையில."

"மொட்டமாடி இருக்குதேம்மா?"

"வெயில்ல வேணாம்ப்பா." என்னைப் பார்த்தாள். "இவருக்கு ஆகாது."

கீழே ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. கண்ணாடிக்கு முன்னால் இருந்த சுழல் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அப்புறம்தான் சிரித்தாள். சுவரில் கைவைத்துக் குனிந்து, சத்தம் மேலே போகாமல், ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தாள்.

"காதுக்குமா?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"கழுத்து தனியா தெரிஞ்சுது. அப்புறம் காது."

"அப்புறம் கை."

"ஆமாம்."

"சட்ட கையத் தூக்குங்க பாப்போம். அங்கயும் இருக்கா?"

"இல்ல. பாட்டில் தீந்துடுச்சு."

மறுபடியும் சிரித்தாள். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து, கேட்காமலேயே என் நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"யாரு போட்டது?"

"அக்கா."

"அவுங்க கலருல வாங்கியிருக்காங்க."

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டுக்கிட்டீங்களா?"

சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். மஸ்கட், பதினோரு மாதம், போன விசா, இந்த விசா, பன்னிரண்டாம் தேதி. மங்கலம்பேட்டைக்காரர்கள் சொன்ன களை. நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

பஞ்சை மாற்றிக்கொண்டு கேட்டாள். "உங்களுக்குக் கல்யாணம் வேணுமா?"

கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"தெரியல."

"நல்லது. எனக்கும் தெரியல. எங்கப்பாவுக்குத்தான் தெரியும்."

"ஒரு உதவி செய்வீங்களா?" என்றேன். "பன்னெண்டாம் தேதி வரைக்கும் வேணாம்னு சொல்லாம இருங்க. புடிச்சிருக்குன்னு சொன்னாக்கூட பரவாயில்ல. அக்கா ஃபிளைட் ஏறினதும் நானே வேணாம்னு சொல்லிடுறேன். பழி என்னோடதா இருக்கட்டும்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"முடியாதுங்க. எனக்கு வந்தவரு அப்புடித்தான். பொண்ணு பாக்க வந்தப்ப அவ்ளோ சிரிச்சாரு. அவுங்க அம்மா சொல்லிச் சிரிச்சிருக்காரு. மனசு வேற எடத்துல. அது எனக்குத் தெரியறதுக்கு ஆறு மாசம் ஆச்சு." பஞ்சைக் கூடையில் எறிந்தாள். "உங்க அக்காவுக்கு நான் அப்புடிச் செய்யமாட்டேன். ஆனா இப்புடியே உங்கள மாடிக்கு அனுப்பவும் மாட்டேன். என் கடைக்குக் கெட்ட பேரு."

முகம், கழுத்து, காது, கை எல்லாம் கழுவச் சொன்னாள். கழுவினேன். துண்டால் ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணாடியில் பழைய முகம் வந்திருந்தது. மங்கலம்பேட்டை முகம்.

இழுப்பறையைத் திறந்தாள். நாற்பது பாட்டில் இருக்கும், வெள்ளையிலிருந்து காபிக்கொட்டை நிறம் வரை. மூன்றை எடுத்து என் தாடையோரம் மூன்று கோடு போட்டாள். டியூப்லைட்டைப் போட்டாள்.

"அத அணைங்க," என்றேன்.

"இன்னாது?"

"வாசலுக்கு வரேன். அங்க பாருங்க."

எழுந்து வாசலுக்குப் போய், தெருவுக்கு முகத்தைக் காட்டி நின்றேன். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். சுவேதா என் தாடையைப் பார்த்தாள்.

"நடுவுல இருக்கறது சரியா இருக்குது," என்றாள்.

"இப்ப சரியா இருக்கும். காயட்டும். அஞ்சு நிமிஷத்துல ஒரு படி எறங்கிடும். தோல்ல எண்ணெ இருக்குல்ல, அதோட சேந்து கறுக்கும். எனக்கு மேல இருக்கறதுதான் சரியா வரும்."

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

வேலையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. காத்திருந்தோம். வாசலில் இரண்டு பேரும், என் தாடையில் மூன்று கோடும். மாடியிலிருந்து தட்சிணாமூர்த்தியின் குரல் கேட்டது. தன் பஸ்ஸில் பிரசவம் ஆன கதையை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் நடுக்கோடு கறுத்தது. மேல்கோடு காணாமல் போனது. சுவேதா விரலால் தடவித் தேடினாள்.

"அய்ய," என்றாள். "அதான் அந்தப் புவனகிரி கல்யாணம்."

"என்ன கல்யாணம்?"

"காலையில மொகூர்த்தத்துல பொண்ணு அம்மன் செல மாதிரி இருந்தா. சாயங்காலம் அவுங்க அத்த போன் பண்ணி, 'ஏம்மா, பொண்ணுக்குக் காமாலையா?'ன்னு கேக்குறாங்க. நான் கம்பெனியத் திட்டிக்கினு இருந்தேன்."

"போட்ட ஒடனே பாத்திருப்பீங்க. டியூப்லைட்ல."

"ஆமாங்க, ஆமாம். ஜாஸ்தி பேசாதீங்க, வாங்க."

உட்காரவைத்து வேலையைத் தொடங்கினாள். பஞ்சுருண்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். மேல்கோடு பாட்டிலிலிருந்து உண்மையாகவே ஒரு பட்டாணி அளவு புறங்கையில் எடுத்தாள். அதைத் தொட்டு, மூக்கோரத்தில் ஆரம்பித்து, வெளியே போகப் போகக் குறைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கவே இல்லை. நெற்றியில் ஒன்றும் போடவில்லை. காதுப் பக்கம் போகவே இல்லை.

"எல்லா எடத்துலயும் போட்டா அது முகமூடி," என்றாள். "எங்க வேணுமோ அங்க மட்டும். மிச்சத்துல உங்க தோல் தெரியணும்."

கண்ணுக்குக் கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டு இழுப்பறையில் தேடினாள்.

"ஆரஞ்சு இருக்கா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் ஆரஞ்சு நிறக் குப்பிதான் இருந்தது.

"கண்ணுக்குக் கீழ இருக்கறது கறுப்பு இல்ல, நீலம்," என்றேன். "நீலத்த ஆரஞ்சு அடிக்கும். சாயம் நீலம் பாஞ்சா நாங்களும் அதத்தான் துளி போடுவோம்."

"நீங்க ஏன் இத காலையில உங்க அக்காகிட்ட சொல்லல?"

முகத்தை நிமிர்த்திக் காட்டினேன். அவள் மோதிர விரலால் ஆரஞ்சை வைத்தாள். பதினெட்டு மாதமாக என் முகத்தை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. நானும் சவரத்துக்கு மட்டும்தான். அக்கா காலையில் தேய்த்ததைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது சுவருக்கு அடித்த மாதிரி. இது விரல். சில்லென்றிருந்தது. கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன்.

"அவுங்க என்ன கலரு?" என்று கேட்டாள்.

பிரிசில்லாவைக் கேட்கிறாள் என்று புரிய ஒரு வினாடி ஆனது. அவளுடைய சிரிப்பைச் சொல்லியிருக்கலாம். கோபத்தைச் சொல்லியிருக்கலாம். நிறம் சொல்லத் தெரியவில்லை. ஏழு வருடமாக ஊரில் உள்ள சாயத்தையெல்லாம் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தவன்.

"வெளிச்சத்துல வெச்சுப் பாத்ததே இல்ல," என்றேன்.

விரல் மட்டும் வேலை செய்தது. பிறகு, "தொறங்க," என்றாள்.

கண்ணாடியில் நான் இருந்தேன். நேற்று நன்றாகத் தூங்கியவன் போல அல்ல. இரண்டு மணி நேரம் தூங்கியவன் போல. கண்ணுக்குக் கீழே நிழல் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இன்னும் தெரியுதே?" என்றேன்.

"தெரியணும். அத முழுசா மூடுனா மொகம் செத்துடும். பாதியோட நிறுத்திடணும்." எட்டி நின்று பார்த்தாள். "இப்ப போட்டது தெரியுதா?"

வாசலுக்குப் போய்க் கைக்கண்ணாடியில் பார்த்தேன். தொழில்முறையில் பார்த்தேன். "தெரியல," என்றேன். என் பரிசோதனைக் கூடத்திலிருந்து இதற்குக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

மாடிக்குப் போனபோது அக்கா என்னைப் பார்த்து எழுந்தே விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் காதருகில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாம் எங்கடா போச்சு?" என்றாள்.

"இருக்குது."

"எங்க இருக்குது? பழைய மூஞ்சிய வெச்சிக்கினு வந்து உக்காந்திருக்க!"

சாமிக்கண்ணு மாமா என்னை உற்றுப் பார்த்து, "ஏன் மாப்ள, அதுக்குள்ள வாடிட்ட?" என்றார்.

ஆனால் சின்னம்மாள் தன் கணவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "இப்பதாங்க தம்பி மனுசரா தெரியறாரு. வந்தப்ப எனக்குப் பயமாவே இருந்துச்சு."

சுவேதா நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, புடிச்சிருக்கு, புடிக்கலன்னு எதையும் நான் இன்னிக்குச் சொல்லல. எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. ஆனா அவரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரட்டும். என்கிட்ட நாப்பது பாட்டில் இருக்குது. ஒவ்வொண்ணும் காஞ்சா என்ன கலருன்னு அவரு பாத்து எழுதித் தரணும். புவனகிரி மாதிரி இன்னொண்ணு என்னால தாங்க முடியாது."

ஃபேன் ஐந்தில் ஓடியது. தட்சிணாமூர்த்தி சாமிக்கண்ணு மாமாவைப் பார்த்தார். மாமா தன் நல்ல கண்ணால் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார்.

"இப்ப இது பொண்ணு பாத்த கணக்கா, வேலைக்கு ஆள் எடுத்த கணக்கா?" என்றார். "எதுக்கு நாங்க வெத்தல பாக்கு எடுத்துக்கறது?"

"ரெண்டுக்கும் எடுத்துக்குங்க மாமா," என்றாள் சுவேதா.

மாமா எடுத்துக்கொண்டார். அக்கா எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தில் அப்போது எந்தப் பூச்சும் இல்லை. டிக்கெட்டை ரத்து செய்வது எப்படி என்று யோசிப்பது அப்படியே தெரிந்தது.

காரில் ஏறினோம். மாமா முன்சீட்டில் தூங்கினார். கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தோம். பி.முட்லூர் தாண்டியதும் அக்கா சொன்னாள்.

"மச்சானுக்கு போன் போடணும். வரலன்னு சொல்லிடப் போறேன்."

"அக்கா, அந்தப் பொண்ணு எனக்கு மேக்கப் போட்டுச்சு. எங்கெங்க போட்டுச்சு சொல்லு பாப்போம்."

"மேக்கப்பா? இந்த மூஞ்சிக்கா?"

"கண்டுபிடி."

சண்டை போடுகிற மனநிலையில் இருந்தவள்தான். இருந்தாலும் திரும்பி, என் தாடையைப் பிடித்து, வெளிச்சம் பக்கம் திருப்பினாள். நெற்றியைச் சுரண்டிப்பார்த்தாள். "இங்க."

"இல்ல."

"கழுத்துல."

"அது உன் வேல."

"காதுல?"

"காது பக்கமே போகல."

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தாள். மூக்கோரம் துடைத்தாள். கைக்குட்டையில் லேசாக நிறம் வந்தது. "அடிப்பாவி," என்றாள், உண்மையான மரியாதையோடு. பிறகு கண்ணுக்குக் கீழே துடைத்தாள். ஆரஞ்சு வந்தது. இடது கண் முழுக்கத் துடைத்துவிட்டு வலது கண்ணோடு ஒப்பிட்டாள். மறுபடி இடது. மறுபடி வலது. பெரிய வித்தியாசம் இல்லை. அவளுக்கே அது தெரிந்தது.

"அப்புடியேதான்டா இருக்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ஆமாம். கொஞ்ச நாளைக்கு இப்புடித்தான் இருப்பேன். நீ இங்க இருந்தாலும் இப்புடித்தான், மஸ்கட்ல இருந்தாலும் இப்புடித்தான். ஆனா ஒண்ணு. இன்னிக்கு நான் ஒரு பொண்ணுகிட்ட, 'நீங்க பண்ணது தப்பு'ன்னு சொன்னேன். டியூப்லைட்ட அணைங்கன்னு சொன்னேன். நானா சொன்னேன்."

"நெசமாவா?"

"ஞாயித்துக்கெழம போகப் போறேன். அந்த நாப்பது பாட்டிலும் தப்பாத்தான் இருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைத் துடைத்த அதே கைக்குட்டை. அவள் கன்னத்தில் ஆரஞ்சு ஒட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை.

ஆலப்பாக்கம் வந்தது. போனை எடுத்தாள். மச்சானுக்குத்தான். மணி அடித்தது, அவர் எடுத்தார். அவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"ஏங்க, ஃபிளைட்டுல முப்பது கிலோ எடுத்துட்டு வரலாம்னு சொன்னீங்களே, அதுல புளி எவ்ளோ எடுத்துட்டு வரலாம்?"